பொன்னாத்தாள் கையில் கட்டிய தப்பை

ஜூன் 3, திங்கள்

செவலை இன்றைக்கும் கறக்க விடவில்லை. மடியில் கை வைத்ததும் செம்பைத் தட்டிவிட்டது. பொன்னாத்தாள் கைக்குப் பழகிய மாடு அது. அவள் வாசல் பக்கம் போட்ட கட்டிலில் படுத்தபடி மாட்டுச் சாளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்ற மாட்டுக்கு உன்னையாட்டவே புடிவாதம்" என்றேன்.

"ஆமா" என்றாள்.

மாசியில் அவளுக்கு வாதம் அடித்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. கால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பிடித்துக்கொண்டால் நாலடி வைக்கிறாள். பேச்சில் திரும்பியது இந்த ஒரு சொல் மட்டும். பசிக்கிறதா என்றால் ஆமா. பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. காதில் விழுவது எல்லாம் புரிகிறது, வாய்க்கு வருவது அதுதான் என்று டாக்டர் சொன்னார்.

பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் பால் வாங்க வந்தவன், "உனக்கென்னப்பா, நாப்பது வருசமா அந்தப் புள்ள உன்றகிட்டச் சொன்னது அது ஒண்ணுதான? இப்ப என்ன கொறஞ்சுபோச்சு?" என்கிறான்.

அவன் வாய்க்குப் பாலே ஊற்றக்கூடாது.

ஜூன் 5, புதன்

படுத்துக்கிடப்பவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் கேரளப் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் வண்டி வந்தது. கைகால் பயிற்சி கொடுக்கும் ஜிஜி வந்திருந்தாள். சின்னப் பெண். தமிழையும் மலையாளத்தையும் சேர்த்துப் பிசைந்து பேசுவாள். இந்தத் தடவை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒன்று கொண்டுவந்தாள். முழங்கைக்குக் கீழிருந்து விரல் நுனி வரை கையைத் தாங்குகிற ஓடு மாதிரி இருக்கிறது. மூன்று இடத்தில் ஒட்டுப் பட்டை. ஸ்பிளின்ட் என்றாள்.

பொன்னாத்தாளின் விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டே வருகின்றன. நகம் வெட்டுவதற்கு ஒவ்வொரு விரலாகப் பிரிக்கவேண்டியிருக்கிறது.

"அம்மே, என்ற விரலைப் பிடிங்கோ" என்று ஜிஜி தன் சுட்டுவிரலை அந்த உள்ளங்கையில் வைத்தாள். பொன்னாத்தாளின் நடுவிரல் துடித்தது. கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவை. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நிஜம்தான்.

"கண்டோ அப்பா? கை மறந்து கெடந்துச்சு, இப்ப ஓர்மை வருது. இனி நம்ம விடக்கூடாது. ராத்திரி இதைப் போடுங்க. காலையில கழட்டணும். கழட்டி, தோலைப் பாத்து, விரலை மடக்கி மடக்கி நீட்டணும். எப்பவும் போட்டு வெக்கக் கூடாது, கேட்டோ?"

கேட்டேன். மனதுக்குப் பிடிக்கவில்லை. போட்டுக் கழற்றி, கழற்றிப் போட்டு — எதைப் பிடித்து நிறுத்தப் போகிறது அது?

ஜூன் 6, வியாழன்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவனுக்கு அகராதிதான் மேல்படிப்பு. எடுத்துப் பார்த்தேன். ஸ்பிளின்டுக்குச் சிம்பு, தப்பை என்று போட்டிருக்கிறது.

தப்பை எனக்குத் தெரியாதா? மூங்கிலைப் பிளந்து சீவி எத்தனை கட்டியிருப்பேன். எலும்பு ஒடிந்தால் தப்பை. காற்றில் முறிந்த முருங்கைக் கொம்புக்குத் தப்பை. மண்வெட்டிக் காம்பு கீறினால் அதற்கும் இரண்டு தப்பை வைத்து இறுக்கிச் சுற்றினால் ஒரு வெள்ளாமை தாங்கும். போனில் தேடினால் இன்னும் வருகிறது. ஆடுகிற பல்லைப் பக்கத்தில் ஆடாமல் நிற்கும் பல்லோடு சேர்த்துக் கட்டுவதற்கும் இங்கிலீசில் இதே பெயராம். தீக்குச்சிக்காக அறுக்கும் குச்சிக்கும் இதே பெயர். குதிரைக்கு முன்னங்காலில் வரும் ஒரு புடைப்புக்கும் இதே பெயர்.

குச்சியையும் குதிரையையும் விட்டுவிட்டால், மற்ற எல்லாவற்றிலும் சட்டம் ஒன்றுதான். ஆடாமல் கட்டு. கூடும்வரை தொடாதே. இதைப் படிப்பதற்குக் காலேஜ் எதற்கு?

ஜூன் 9, ஞாயிறு

சந்துருவும் அனுப்பிரியாவும் கோயமுத்தூரிலிருந்து வந்தார்கள். மகனும் மருமகளும் வருவது அம்மாவைப் பார்க்க. என்னைப் பார்க்க இல்லை. இந்தத் தடவை கூட்டிக்கொண்டே போகிற யோசனையோடு வந்திருந்தார்கள்.

"எங்க ஊட்டுக்குப் பக்கத்துலயே பிசியோ சென்டர் இருக்குதுங்ப்பா. தெனமும் கூட்டிட்டுப் போலாம். இங்க ரெண்டு வாரத்துக்கு ஒருக்காதான் வண்டி வருது. அது பத்தாதுங்" என்றான்.

"இங்க நா எதுக்கு இருக்கறன்?"

"நீங்களும் வாங்கப்பா."

"அந்த ஊட்டு வாசப்படிய மிதிக்கமாட்டன்னா மிதிக்கமாட்டன்."

புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் சம்பந்தியின் பெயரை மேலே போட்டு என் பெயரைக் கீழே போட்டான். பெற்றவன் கீழே. அன்றைக்குப் போனேன், நின்றேன், தண்ணீர்கூடக் குடிக்காமல் ஊர் திரும்ப வேலந்தாவளம் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு பொன்னாத்தாள் மட்டும் போய்வருவாள். போகட்டுமா என்று கேட்பாள். நான் பதில் சொல்லமாட்டேன். போய்விட்டு வருவாள்.

அனுப்பிரியா பொதுவாக என்னிடம் நின்று பேசுவதில்லை. இன்றைக்குப் பேசினாள். "ஏனுங் மாமா, அது ஒரு பத்திரிகை அட்டைங்க. அதுக்கு அத்தை கை என்னங்க பண்ணுச்சு?"

"ஒரு மாசம் டைம் குடு. கைய நேராக்கிக் காட்டறன்" என்றேன்.

பொன்னாத்தாளிடம் கேட்டேன், "நீ இங்கயேதான இருக்கற?"

"ஆமா."

"கேட்டுக்கிட்டயாடா?"

சந்துரு அவளை வேறு மாதிரிக் கேட்டிருக்கலாம். கோயமுத்தூர் வர்றீங்களாம்மா என்று. அதற்கும் ஆமா என்றுதான் சொல்லியிருப்பாள். அது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவன் கேட்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு போனான்.

ஜூன் 11, செவ்வாய்

ஜிஜி சொன்னபடி ஐந்தாறு நாளாகக் காலையில் கழற்றுகிறேன். கழற்றின கொஞ்ச நேரத்தில் விரல்கள் திரும்பவும் சுருள்கின்றன. இரவெல்லாம் நேராக்கியது பகலில் கெட்டுப்போகிறது. இது என்ன வைத்தியம்? வாய்க்காலை அணைகட்டிவிட்டு விடிந்ததும் உடைத்துவிடுவது போல.

இதே செவலை கன்றாக இருக்கும்போது வாய்க்காலில் விழுந்து முன்னங்கால் ஒடிந்தது. மாட்டு டாக்டர் கறிக்குக் கொடுத்துவிடச் சொன்னார். நான் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினேன். கன்று துள்ளியது, கத்தியது, கட்டைக் கடித்தது. பொன்னாத்தாள், "பாவமுங்க, கொஞ்சம் தளத்தி உடுங்க" என்று என் பின்னாலேயே வந்தாள். நான் தளர்த்தவில்லை. கூடினபிறகுதான் அவிழ்த்தேன். இன்றைக்கு அந்தக் காலில்தான் என்னை உதைக்கிறது.

அத்தாட்சி சாளையில் நிற்கிறது. யாரிடம் நான் படிக்கவேண்டும்?

ஜூன் 12, புதன்

பிளாஸ்டிக் ஓட்டுக்கு மேலும் கீழும் மூங்கில் தப்பை கொடுத்து, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிக் கட்டிவிட்டேன். கை பலகை மாதிரி நேராக இருக்கிறது.

ஜூன் 15, சனி

"வலிக்குதா?"

"ஆமா."

"சொகமா இருக்குதா?"

"ஆமா."

சுகமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

நாளை பாலியேட்டிவ் வண்டி வரும் நாள். கட்டைப் பார்த்தால் ஜிஜி அவிழ்க்கச் சொல்லுவாள். பாதியில் அவிழ்த்தால் பட்ட பாடு வீண். போன் செய்து, இங்கே எல்லாம் நன்றாயிருக்கிறது, கை நேராகிவிட்டது, வேறு வீட்டைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

"சத்யமா அப்பா? மடக்கி நீட்டறீங்கல்ல?" என்று கேட்டாள்.

"எல்லாம் நடக்குது" என்றேன்.

ஜூன் 20, வியாழன்

பொன்னாத்தாளுக்குக் கோபம் வருகிறது. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். தண்ணீர் கொடுத்தேன், டம்ளரை வீசினாள். என் மேலெல்லாம் தண்ணீர். நானும் இரைந்துவிட்டேன். "உனக்காகத்தான பண்றன்? நா என்ன எனக்குக் கட்டிக்கிட்டனா?"

"ஆமா, ஆமா, ஆமா" என்றாள்.

அவள் இந்த மாதிரிக் கத்தி நான் கேட்டதில்லை. வாதம் வந்தவர்களுக்குச் சுபாவம் மாறும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதுதான் போலிருக்கிறது.

ஜூன் 24, திங்கள்

குப்பண்ணன்தான் முதலில் சொன்னான். பால் செம்போடு கட்டிலருகில் வந்தவன் மூக்கைச் சுளித்தான். "ஏனப்பா, எலி கிலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதா?"

கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். பெட்டிக்குப் பின்னால் பார்த்தோம். அப்புறம் அவன் அவள் கையைப் பார்த்தான்.

அவிழ்த்தேன். வேட்டித் துணி உள்சுற்றில் நனைந்து ஒட்டியிருந்தது. மணிக்கட்டு எலும்பு துருத்துகிற இடத்திலும் கட்டைவிரல் அடியிலும் தோல் இல்லை. புண் உள்ளே போயிருக்கிறது. புறங்கை வீங்கிப் பளபளவென்று —

எப்படித் தெரியாமப் போச்சு எனக்கு? பக்கத்துலயேதான இருந்தன். தெனமும் சோறு ஊட்டுனன், தலை சீவிவுட்டன். கட்டுக்குள்ள அழுகீட்டு இருந்திருக்குது, நா மேல்சுத்து வேட்டிய மட்டும் இன்னும் வெள்ளையா மாத்திச் சுத்துனன்.

அவள் தட்டியது தண்ணீருக்கு இல்லை.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குப்பண்ணன்தான் வெந்நீர் வைத்தான். கிண்டலாக ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஜூன் 25, செவ்வாய்

போன் செய்ததும் ஜிஜி நர்சோடு வந்துவிட்டாள். நர்ஸ் புண்ணைக் கழுவி மருந்து வைத்தாள். ஜிஜி திட்டுவாள் என்று தயாராக இருந்தேன், என் பக்கத்து நியாயத்தையும் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. கீழே கிடந்த மூங்கில் தப்பையை எடுத்துப் பார்த்தாள். ஓரம் குத்தாமல் நன்றாகச் சீவியிருக்கிறது என்றுகூடச் சொன்னாள். பிறகுதான் சொன்னாள்.

"அப்பா, எலும்பு ஒடிஞ்சா அனங்காம, அசையாம வெச்சா மதி, அது தானே கூடிக்கும். இதுல ஒண்ணும் ஒடிஞ்சிட்டில்ல. கைக்கு வேலை செய்யத்தான் மறந்துபோச்சு. அனங்காம வெச்சா இன்னும் மறக்கும். இது கைக்குத் தலையணை மாதிரி. ராத்திரி தலை வெக்கறோம், காலையில எந்திரிக்கறோம். தலையணையைத் தலையோட சேர்த்துக் கெட்டுவாங்களா?"

செவலையின் காலைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

புண்படாத பக்கத்தில் அவள் தன் விரலை வைத்து, "அம்மே, பிடிங்கோ" என்றாள். பொன்னாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு முயற்சி செய்தாள். நெற்றியில் நரம்பு தெரிந்தது. நடுவிரல் அசையவில்லை. ஜிஜி மெதுவாக மடக்கிப் பார்த்தாள். பாதிகூட மடங்கவில்லை. முன்பு நீட்ட முடியாமல் இருந்த விரல்கள் இப்போது மடங்க முடியாமல் நிற்கின்றன.

"திரும்பி வருமா?" என்று கேட்டேன்.

"நோக்கலாம் அப்பா. தெனமும் செய்யணும். இங்க எனக்குத் தெனமும் வர ஒக்காது, முடியாது."

ஜூன் 26, புதன்

சந்துருவுக்கு நானே போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "எப்பங்ப்பா வர?" என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குச் சொல்லியிருப்பேன். ஒருவரும் என்னைத் திட்டமாட்டேன் என்கிறார்கள்.

ஜூன் 30, ஞாயிறு

கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அனுப்பிரியா காரின் பின்சீட்டில் தலையணை வைத்து அந்தக் கையை அதன்மேல் வைத்தாள். புண் ஆறியபிறகு போடுவதற்குப் பிளாஸ்டிக் ஓட்டையும் கழுவி எடுத்துக்கொண்டாள். "நீங்களும் ஏறுங் மாமா" என்றாள். மாடு இருக்கிறது என்றேன்.

கார் திரும்பும்போது பொன்னாத்தாள் பார்த்தது என்னையா, சாளையையா என்று தெரியவில்லை.

ஜூலை 4, வியாழன்

செவலை கறக்கவிட்டது. எதிர்ப்பே இல்லை. நின்றுகொண்டே இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

மூங்கில் தப்பைகள் வாசலிலேயே கிடக்கின்றன. அடுப்பில் வைக்க மனம் வரவில்லை. காற்றில் முருங்கைக் கொம்பு ஒன்று முறிந்து தொங்குகிறது. அதற்குக் கட்டலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். கட்டாமல் திரும்பினேன். கொம்பை வெட்டிப் போட்டேன்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். யாரிடம்? ஜிஜியிடம் கேட்கவேண்டியதே இல்லை, அவள்தான் சொல்லிவிட்டாளே. கேட்கவேண்டியவள் கட்டிலில் இருந்தாள். அவளிடம் கேட்டேன். எனக்கு வேண்டிய ஆமாவை மட்டும் எடுத்துக்கொண்டேன். இதை மாசியிலிருந்துதான் செய்கிறேனா?

ஜூலை 14, ஞாயிறு

சந்துரு போனை அவள் காதில் வைத்தான். மூச்சு கேட்டது.

"புண்ணு ஆறுதா?"

"ஆமா."

"செவலை நல்லாக் கறக்குது."

"ஆமா."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டேன். "எம்மேல கோவமா?"

"ஆமா."

இந்த ஆமாவை வேறு மாதிரி எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"நா அங்க வரட்டுமா?" என்றேன்.

பதில் இல்லை. மூச்சு மட்டும். எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்லைச் சொல்கிறவள், அதைச் சொல்லவில்லை. அப்புறம் அனுப்பிரியாவின் குரல் வந்தது. "மாமா, அத்தை போனை என்ற கையில குடுத்துட்டாங்க."

சொல்லாமலும் இருக்க முடியும் அவளால். எனக்கு இது தெரியாது.

ஜூலை 15, திங்கள்

வேலை ஓடவில்லை. வரவேண்டாம் என்றா? வரட்டுமா என்று கேட்பதே தப்பு என்றா? நாற்பது வருஷத்தில் அவள் போகட்டுமா என்று கேட்டபோதெல்லாம் நான் பதில் சொன்னதில்லை. அவள் என்ன செய்தாள்? போய்விட்டு வந்தாள்.

ஜூலை 16, செவ்வாய்

குப்பண்ணன் செவலையை அவிழ்த்துக்கொண்டு போனான். "எத்தன நாளைக்கப்பா?" என்றான். தெரியாது என்றேன். "பத்திரிகையில உன்ற பேரு எங்க இருந்தா என்ன, போய்ப் படியேறு மொதல்ல" என்றான். பழைய வாய் திரும்பிவிட்டது அவனுக்கு.

ஜூலை 17, புதன்

வேலந்தாவளத்தில் காலை பஸ் பிடித்து கோயமுத்தூர் உக்கடத்தில் இறங்கி ஆட்டோ எடுத்தேன். சந்துரு வீட்டு வாசற்படியில் கொஞ்சம் நின்றேன். யாரும் பார்க்கவில்லை. ஏறினேன். அனுப்பிரியா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குடித்தேன். வெறும் தண்ணீர்தான்.

பொன்னாத்தாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால். எங்கள் வீட்டில் நான் அதை விட்டதில்லை, ஊட்டிவிடுகிறேன் என்பேன். பாதி சோறு மடியில் சிந்தியிருந்தது. என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பவும் சாப்பிட்டாள்.

நல்லதோ கெட்டதோ, போ என்று கையைக் காட்டவில்லை.

ஜூலை 29, திங்கள்

பிசியோ சென்டரில் நடுவிரலைப் பற்றிக் கேட்டேன். முன்பு துடித்ததைச் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மூட்டு இறுகிவிட்டது, அது தளர்ந்தால்தான் மற்றது தெரியும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. அந்தத் துடிப்பை நேரில் பார்த்தவர்கள் மூன்று பேர்தான். அதில் ஒருவன் அதைக் கட்டிவைத்தவன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

புண் மூடிவிட்டது. தழும்பு மணிக்கட்டில் காசு அளவுக்கு. நேற்று முதல் ராத்திரியில் பிளாஸ்டிக் ஓட்டைத் திரும்பப் போடச் சொன்னார்கள். அனுப்பிரியா போட்டாள். காலையில் கழற்றுவதை நான் செய்கிறேன் என்றேன். அவள் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அறைக்கு வெளியே போகவில்லை.

நான் கட்டில் அருகே உட்கார்ந்ததும் பொன்னாத்தாள் கையை இழுத்துக்கொண்டாள். நான் தொடவில்லை. உட்கார்ந்திருந்தேன். வெளியே காய்கறி வண்டிக்காரன் வந்து கத்திவிட்டுப் போனான். அப்புறம் இடது கையால் வலது கையைத் தூக்கிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலை. மூன்று பட்டையையும் பிரித்தேன். தோல் சிவக்கவில்லை. எண்ணெய் தடவி, கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கினேன். நேற்று நின்ற இடத்திலேயே நடுவிரல் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வரும் போலிருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். இடது கையால் என் மணிக்கட்டைத் தட்டினாள்.

நிறுத்தினேன்.